அமிர்தி இருவாச்சியும் பாஷா பாயின் ஜூம் லென்ஸும்

இருக்கிற லென்ஸுக்குப் பின்னால் மாட்டும் டெலிகன்வெர்ட்டர் போதுமா, டெலி ஜூம் லென்ஸே வாங்கிவிடலாமா என்று போன பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அதில் ஒருவர் கேமராவோடு வேலூர் பக்கத்து அமிர்திக் காட்டுக்குப் போகப்போவதாகவும் எழுதியிருந்தார். இதே கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு இதே அமிர்திக்கு நான் போனது 1984 ஏப்ரலில். அந்த வருட டைரி பத்திரமாக இருப்பதால் நேரமும் பஸ் கட்டணமும் அப்படியே தருகிறேன். அன்றைக்கு நான் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஆம்பூரில் குடியிருந்தோம். நான் பள்ளியில் விலங்கியல் டீச்சர், வீட்டுக்காரர் செல்வம் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். என்னிடம் இருந்தது ஒரு கேமராவும் ஒரு 135 எம்.எம். லென்ஸும்தான். அதில் மயிலை எடுத்தால் கோழி அளவுக்குத் தெரியும், மைனாவை எடுத்தால் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். என் ஃபிலிம்களைக் கழுவித் தருபவர் வாணியம்பாடியில் ஸ்டுடியோ வைத்திருந்த பாஷா பாய். அவருடைய தம்பிக்கு சவுதியில் வேலை.

"ஜூன்ல தம்பி வர்றான் டீச்சர். ஜூமா, கன்வெர்ட்டரா, ஒண்ணு சொல்லுங்க, வாங்கியாரச் சொல்றேன். ரெண்டும் கேட்டா ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரனோட பேஜார்" என்றார் பாய்.

எதைச் சொல்வது? எடுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? பாயிடமே இரண்டும் இருந்தன, என் கேமராவுக்கும் பொருந்தின. சனிக்கிழமை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அன்று மாலையே திருப்பித் தருவது என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கல்லூரி விளையாட்டு விழாவில் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஜூம் இல்லாமல் அந்த வேலை நடக்காது. அதுவரை அதை அவர் யார் கையிலும் கொடுத்ததும் இல்லை.

ஜூமின் மூடி எப்போதோ தொலைந்துவிட்டதால் துணியில் சுற்றித்தான் கொடுத்தார். செல்வத்துக்கு அது பொறுக்குமா? "தோல் ஊர்ல இருந்துக்கினு லென்ஸைத் துணியில சுத்திக்கினு போறதா? இன்னா வசந்தா இது, மானம் போவுது" என்று குதித்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள், அந்த வாரம்தான் எண்ணெய் ஊட்டிக் காயவைத்த ஒரு துண்டுத் தோலில் உறை தைத்து வாங்கிவந்துவிட்டார். உண்மையிலேயே அழகான உறை. ஊரெல்லாம் காட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு.

சனிக்கிழமை காலை 5.00 மணிக்கு நானும் செல்வமும் ஆம்பூரிலிருந்து வேலூர் பஸ் ஏறினோம். ஐம்பது கிலோமீட்டர், ஆளுக்கு மூன்று ரூபாய் எண்பது பைசா. டிரைவருக்குப் பக்கத்து நீள சீட்டில்தான் இடம் கிடைத்தது. மடி வலிக்கிறதென்று உறையோடு லென்ஸை எஞ்சின் மூடிமேல் வைத்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "அம்மா, அது நல்லா சூடேறும். மடியில வெச்சிக்கங்க" என்றார். "தோல் உறைதானே, தாங்கும்" என்றேன் நான். அவ்வளவு தெனாவட்டு.

வேலூரில் 6.20க்கு இறங்கி, நாலு இட்லி சாப்பிட்டு, 6.50 அமிர்தி பஸ்ஸைப் பிடித்தோம். கணியம்பாடி வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு ரூபாய் தொண்ணூறு பைசா. கணியம்பாடி வயல்களைத் தாண்டியதும் காற்றே மாறிவிடும். 7.50க்கு அமிர்தி. வனக்காவலர் முனுசாமியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தோம். ஓடையோரமாக இரண்டு கிலோமீட்டர் நடத்திக்கொண்டுபோய் ஒரு மருத மரத்தைக் காட்டினார்.

"அதோ பொந்து தெரியுதா டீச்சரம்மா? பொட்டை உள்ள குந்திக்கினு வாசலை அடைச்சிக்கிச்சி. ஆம்பளைதான் தீனி கொண்டாந்து ஊட்டணும்" என்றார். சாம்பல் இருவாச்சி. ஆண் பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும், இரண்டு கருவிகளையும் ஒப்பிட இதைவிட வசதி கிடைக்காது. இருபத்தைந்து மீட்டர் தள்ளிப் புதர் மறைவில் ஸ்டாண்டை ஊன்றினேன்.

முதலில் கன்வெர்ட்டர். 135 லென்ஸ் 270 ஆகிவிடும், ஆனால் இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால்வாசி வெளிச்சத்தைத் தின்றுவிடும். வ்யூஃபைண்டர் இருண்டு, ஃபோகஸ் பார்க்கும் நடுவட்டத்தில் பாதி கறுத்துப்போனது. 8.50க்கு ஆண் பறவை வந்து, பொந்தின் கீறலில் அலகை நீட்டிப் பழம் பழமாகக் கொடுத்தது. வெளிச்சம் போதாமல் முப்பதில் ஒரு பங்கு வினாடி ஷட்டரில் நாலு படம் எடுத்தேன். அசைந்திருக்குமோ என்று சந்தேகம்தான்.

அடுத்த வருகைக்கு ஜூமை உறையிலிருந்து எடுத்து மாட்டிக் கண்ணை வைத்தேன். மரமும் தெரியவில்லை, பொந்தும் தெரியவில்லை, எல்லாம் மோர் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. முன்கண்ணாடி முழுக்க ஒரு படலம். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ, பூஞ்சை பிடிச்சிடுச்சாங்க?"

செல்வம் உறைக்குள் மூக்கை விட்டு முகர்ந்தார். முகம் சுருங்கிவிட்டது. "பூஞ்சை இல்ல. தோல்ல ஊட்டின எண்ணெய் சூட்டுல ஆவியாகி கண்ணாடியில படிஞ்சிருக்கு. கார் சீட்டுக்குத் தோல் வாங்குறவங்க இப்படித்தான் கம்ப்ளெய்ண்ட் எழுதுவாங்க, நான்தான் நம்பல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்பிரிட் தொட்டுத் தொடைச்சா போய்டும். பாய்க்குத் தெரியவே தெரியாது" என்றார்.

"கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் முனுசாமியே பின்வாங்கினார். ஜூம் என்பது நீட்டும்போதும் சுருக்கும்போதும் காற்றை உள்ளே இழுக்கிற சாமான். வெளியே துடைத்தாலும், ஆவி உள் கண்ணாடிகளுக்கும் போயிருந்தால் மெட்ராஸுக்கு அனுப்பிப் பிரித்தாக வேண்டும். பாயின் ஞாயிற்றுக்கிழமை வேலை அதோடு போச்சு. என்னை நம்பிக் கொடுத்த மனுஷன்!

மிச்ச நேரமெல்லாம் கன்வெர்ட்டர்தான். பறவை இல்லாதபோதே கீறலில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும் என்று அன்று கற்றுக்கொண்டேன். 11.35 வரை எடுத்தேன், மனசு படத்தில் இல்லை.

ஒரு மணி பஸ்ஸில் வேலூர், 2.20க்கு வாணியம்பாடி பஸ். லென்ஸை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உறை பையின் அடியில் கிடந்தது. ஆம்பூர் வந்ததும் செல்வம், "இறங்கிடலாம் வசந்தா. வீட்ல பொறுமையா தொடைச்சிட்டுக் காலையில குடுத்துடலாம்" என்று எழுந்தார். நான் எழவில்லை. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

4.15க்கு ஸ்டுடியோ. லென்ஸை மேஜைமேல் வைத்து, எஞ்சின் மூடி முதல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பாய் டியூப்லைட் வெளிச்சத்தில் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சைக்கிள் டியூப் துண்டை அதன் விளிம்பில் இறுக்கிச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். முன்கண்ணாடி தனியாகக் கழன்று வந்தது. அது லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டும் காப்புக் கண்ணாடி, ஃபில்டர். இரண்டு வருஷம் கழற்றாமல் இறுகிப்போய் லென்ஸோடு லென்ஸாக நின்றிருக்கிறது. காட்டில் இருந்த பதற்றத்தில் அப்படியொன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாய் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமே இல்ல டீச்சர். க்ளீன்!"

பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். டீச்சர் என்ற மரியாதையெல்லாம் போச்சு.

"அட இன்னா டீச்சர், இதுக்குப் போய்! நீங்க சொல்லாம வெச்சிட்டுப் போயிருந்தீங்கன்னா, நாளைக்கு அவசரத்துல பார்க்காம மாட்டி ரோல் பூரா வெள்ளையா எடுத்திருப்பேன். அடுத்த சனிக்கிழமையும் எடுத்துக்கினு போங்க. டெஸ்ட் பண்ணாம எப்படி ஒண்ணு சொல்லுவீங்க?" அன்றைக்குச் சுற்றிக்கொண்டுபோகப் பழைய துணி ஒன்றையும் அப்போதே எடுத்துவைத்தார்.

அடுத்த சனிக்கிழமை ஜூமோடு போனேன். கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். கூடு, நீர்நிலை என்று ஒரே இடத்துக்கு வரும் உயிருக்கு நல்ல லென்ஸோடு கன்வெர்ட்டர் போதும். ஸ்டாண்டு மட்டும் கட்டாயம், லென்ஸின் துளையையும் ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். ஓடும் மானுக்கு ஜூம்தான், கனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் நான் கேட்டது ஜூம். ஆனால் இன்றும் சுவரில் மாட்டியிருப்பது கன்வெர்ட்டரில் எடுத்த படம். மனசு சரியில்லாத நேரத்தில் எடுத்ததுதான் தெளிவாக விழுந்திருக்கிறது. எதை வாங்கினாலும் புதுத் தோல் உறையில் போடாதீர்கள், அடைகாக்கும் பறவையை நெருங்காதீர்கள்.

இரவல் வாங்கியதற்கு ஏதாவது ஆகிவிட்டால் துடைக்காமல் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். அன்று மாலை வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை பதினாறு கிலோமீட்டரும் பஸ்ஸில் நெரிசலில் ஒற்றைக் காலில் நின்றுதான் வந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ காடுகளுக்குப் போயிருக்கிறேன், அவ்வளவு சுகமான பயணம் ஒன்று வாய்க்கவே இல்லை.