ஊசியைப் பற்றித் தேடியது

அண்ணன் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். அறுந்த நூலை முடிச்சுப் போட விரல் மடங்கவில்லை என்று ஒருநாள் சொன்னான். சில மாதங்களில் சட்டைப் பொத்தானும் போட முடியாமல் ஆயிற்று. திருநெல்வேலியில் நரம்பு மருத்துவர், தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே வரும் நோய் இது, குணப்படுத்த மருந்தில்லை என்றார்.

நான் நர்ஸ். மேற்படிப்பில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடவும், எதை நம்பலாம் என்று எடைபோடவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சைக்குப் பிறகு அதைத் தொட்டதில்லை.

மதினி ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ ஊரில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம். வீல்சேரில் வந்தவர் நடந்து போகிறார். நிஜமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

டியூட்டி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே செல்போனில் தேடுவேன். பாதிக் கட்டுரைகளில் சுருக்கம் மட்டும்தான் திறக்கும். எழுதியவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் முழுக் கட்டுரையையும் அனுப்பிவைத்தார். சந்தோஷமாகத்தான் திறந்தேன். படிக்கப் படிக்க எல்லாவற்றிலும் ஒரே கதை: கொஞ்சம் பேருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பலன் உண்டென்று சொல்ல அது போதாது.

மதினியிடம் சொன்னேன்.

“ஆகாதுன்னு எழுதியிருக்கா?”

“குணமாகும்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு இருக்கு, மதினி.”

“அப்ப ஆகாதுன்னு எழுதலேல்லா?”

செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான்.

அண்ணனுக்கு அப்போதே பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. தனியாக இருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னான். “அவ மனசுக்காவ போயிட்டு வாரேன். நீ தடுக்காத.”

தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

ஊசி போட்டுத் திரும்பிய வாரம், கையில் பிடி கூடியிருக்கிறது, தொட்டுப் பார் என்று மதினி கூப்பிட்டாள். அவன் கையைப் பிடித்தேன். முன்பைவிடத் தளர்ந்திருந்தது. ஆமாம் என்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் சோறு இறங்குவது நின்றது, கஞ்சி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வயிற்றில் குழாய் வைப்பதற்கு வேண்டாமென்று தலையசைத்துவிட்டான். மறுபடியும் தேடினேன், இம்முறை எச்சில் தொண்டையில் அடைப்பதற்கு என்ன செய்யலாம் என்று மட்டும். தலைமாட்டை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம் என்று கிடைத்தது. அதைச் செய்தோம். சில நாட்கள் இருமாமல் தூங்கினான்.

மாசியில் இறந்துபோனான். அந்த ஊசியை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும் என்று மதினி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.