புறங்கையை நக்காதவர்

லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவளுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் முள்ளக்கா. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எடைக்கருவியில் முள் இருந்தது. பிறகு முள் போய்ச் சிவப்பு எண்கள் வந்தன; பெயர் மட்டும் போகவில்லை. போகாததற்கு அவளுடைய நாக்கும் ஒரு காரணம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து எடையைக் கூட்டப் பார்ப்பவன், கூட வந்த ஆளை வண்டிக்குள் படுக்க வைத்திருப்பவன், ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நைசாக நிறுத்துபவன் என்று எல்லாக் களவாணித்தனமும் அவளுக்கு அத்துப்படி. "உள்ள படுத்திருக்கவனை எறக்குடா முதல்ல" என்று இருந்த இடத்திலிருந்தே சத்தம் போடுவாள். பெரும்பாலும் உள்ளே ஒருவன் படுத்துத்தான் இருப்பான்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கொள்கை. கருவி பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான். காலையில் போனதும் துடைப்பத்தை எடுத்து மேடை முழுவதையும் அவளே பெருக்குவாள். முந்தின நாள் சக்கரங்கள் விட்டுப்போன மண், ஜல்லி எல்லாம் போய், எண் பூஜ்யத்தில் வந்து நின்ற பிறகுதான் முதல் வண்டி ஏறலாம். அவசரம் என்று கெஞ்சிய டிரைவர்கள் எல்லாம் கெஞ்சிக்கொண்டேதான் நின்றார்கள்.

இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று இருப்பவளுக்கு வாய்த்த புருஷனோ அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர். பேக்கரியில் கேக் மாஸ்டர். சர்க்கரை மாவில் பூச்செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சர்க்கரைத் தூளோடு பசை மாதிரி ஒட்டும் குளுகோஸ் பாகை ஊற்றிப் பிசைந்து, சிறு உருண்டையைக் கிள்ளி இடது கை விரல்நுனிகளின் மேல் பரப்பி, வலது கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தி அழுத்தி இதழாக்குவார். அவர் செய்த ரோஜாவை நிஜம் என்று மோந்து பார்த்தவர்கள் உண்டு. கல்யாணமான புதிதில் முள்ளக்காவே மோந்து பார்த்து, மூக்கு நுனியில் மாவோடு நின்றாள். அதைச் சொல்லிச் சொல்லியே மனுஷர் பத்து வருடம் சிரித்தார். அவளும் கோபப்படுகிற மாதிரி நடித்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்ல மாட்டாரா என்று காத்திருப்பாள். வெளியில் யாருக்கும் தெரியாத விஷயம் இது: அவளுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை.

ஐம்பத்து மூன்றாவது வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. "சரக்கு உள்ள எறங்கிடுச்சா மாஸ்டர்?" என்று கடையில் கேலி செய்தார்கள். இரண்டு வருடம் மாத்திரையில் ஓடியது; அப்புறம் ஊசிக்கு வந்தது. காலையும் மாலையும் வீட்டிலேயே ரத்தம் பார்க்க வேண்டும், எண் இவ்வளவுக்கு மேல் போனால் ஊசி மருந்தில் இவ்வளவு கூட்ட வேண்டும் என்று டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை வாங்கி அனுப்பினாள்.

முள்ளக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. எண் காட்டும் கருவி ஒன்று கையில் இருந்தால் அவள் யாருக்குப் பயப்பட வேண்டும்? மாலையில் அவர் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதுமே சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவாள். இடது கையைத்தான் நீட்ட வேண்டும். வலது கை வேலைக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய கை, அதைக் குத்திப் புண்ணாக்கக் கூடாது என்பது அவள் ஏற்பாடு. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் விரல்நுனியில் ஒரு தடவு. ஒரு குத்து. ரத்தப் பொட்டைக் கருவியில் செருகிய ஸ்ட்ரிப்பில் தொட்டால் ஐந்து எண்ணுவதற்குள் எண் வந்துவிடும். அதை நோட்டில் எழுதிக்கொள்வாள்.

காலையில் அவர் குளித்துவிட்டு வந்ததும் பார்க்கும் எண்கள் எல்லாம் தங்கமான எண்கள். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினெட்டு. மாலை எண்கள்தான் எகிறின. இருநூற்று நாற்பது, இருநூற்று எழுபது.

"என்ன தின்னீங்க?"

"ஒண்ணும் திங்கலம்மா."

"ஒண்ணும் திங்காமலா இருநூத்தி எழுபது?"

"டீயில கூட சக்கரை போடலை. வேணும்னா கடையில கேட்டுப்பாரு."

"தேனெடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா? எங்கிட்டயேவா?"

அவள் கேட்டே பார்த்தாள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பேக்கரிக்குப் போய் நின்றாள். மாஸ்டர் அப்போதுதான் வேலை முடித்து, கைகளைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். "ருசி பாக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுறாருக்கா, அவர் நாக்குல வைக்கிறதில்ல" என்றான் கல்லாவில் இருந்தவன். கூட்டுக் களவாணிகள் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினாள். அவர் சட்டைப் பையைத் துழாவினாள். வாயை மோந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் தீரவில்லை, மனுஷர் இவ்வளவு கெட்டிக்காரராக எப்போது ஆனார் என்ற ஆத்திரம்தான் கூடியது. வார விடுமுறை அன்று மட்டும் மாலையிலும் எண் நூற்று முப்பதைத் தாண்டாது. கடைக்குப் போனால் ஏறுகிறது, போகாவிட்டால் இறங்குகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"அம்மா, அப்பா பொய் சொல்ற ஆளா?" என்று மகள் போனில் கேட்டாள்.

"அப்ப மெஷின் பொய் சொல்ற ஆளா?" என்றாள் இவள்.

ஒரே ஒரு தரம் அவர் குரல் உயர்ந்தது. "முப்பது வருஷத்துல உங்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேனா?" என்று கேட்டார். "அதான் சேத்து வச்சு இப்பச் சொல்றீங்களே" என்று பட்டென்று வந்தது பதில். அதற்குப் பிறகு அவர் வாதாடுவதை விட்டுவிட்டார். விரலை நீட்டுவார், எண்ணைப் பார்ப்பார், "நான் திங்கலம்மா" என்று மட்டும் சொல்வார். ரோஜாக் கதையும் அத்தோடு நின்றுபோனது.

அவளைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், அது சுலபம். சர்க்கரையில் காலை இழந்த டிரைவர் ஒருவர், கட்டையை ஊன்றிக்கொண்டு மேடைப் பக்கம் வந்து பழைய ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் தன் புருஷனை வைத்துப் பார்த்தால் அவளுக்கு உயிரே போய்விடும். பயத்தைப் பயமாகக் காட்டத் தெரியாத பிறவி அவள். கோபமாகத்தான் காட்டத் தெரியும்.

நோட்டைப் பார்த்த டாக்டரும் மாலை மருந்தைக் கூட்டினார். கூட்டிய இரண்டாவது வாரம், பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றுக்கு ஏழு அடுக்குக் கேக் செய்யும் வேலை வந்தது. மாஸ்டர் நாள் முழுவதும் நின்றபடியே இருநூறு பூ செய்துவிட்டுக் களைத்துப்போய் வந்தார். கருவி முன்னூற்றுப் பன்னிரண்டு என்றது.

முள்ளக்கா எண்ணை நோட்டில் எழுதினாள். காகிதத்தில் இருந்தபடி மருந்தைக் கூட்டிப் போட்டாள். தட்டில் வழக்கமாக வைப்பதில் பாதியை எடுத்துவிட்டாள். "மிச்சத்தைத்தான் கடையிலயே முடிச்சுட்டு வந்தாச்சே" என்றாள். அவர் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. கதவைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

"ஒரு ஸ்பூன் சக்கரை குடும்மா. படபடன்னு வருது."

சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் வேர்க்கும், நடுங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அவளுக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். நினைவு வைத்துக்கொண்டு, முறைப்படி அவரை உட்கார வைத்து, அதே இடது கையில் பக்கத்து விரலைக் குத்திப் பார்த்தாள். இருநூற்று அறுபத்தெட்டு.

"பாருங்க. நீங்களே பாருங்க. இதுல உங்களுக்குச் சக்கரை வேற கேக்குதா?"

அவர் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். "மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டார். நாடகம் முடிந்தது என்று அவள் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

விடிந்து எழுப்பினால் எழவில்லை. தலையணை நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருபத்தொன்பது என்று ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள்.

"தப்பாப் பாக்கறீங்க. எங்க மெஷின்ல இருநூத்தி அறுபத்தெட்டு இருந்துச்சு" என்று முள்ளக்கா பின்னாலேயே போனாள்.

குளுகோஸ் ஏறி, எண் இறங்காமல் நிலைத்து நின்ற பிறகும் அவர் கண் திறக்கவில்லை. மத்தியானம் வந்த நர்ஸ், சின்ன வயதுதான், இவள் கொண்டுவந்திருந்த கருவியையும் நோட்டையும் வாங்கிப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு என்ன வேலைம்மா?"

சொன்னாள்.

"ரத்தம் பாக்கறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுவீங்களா?"

"ஸ்பிரிட்ல துடைச்சுத்தான் பாப்பேன். ஒரு நாளும் துடைக்காமப் பாத்ததில்ல."

நர்ஸ் நோட்டை மூடி வைத்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து, அவருடைய இடது கையில் நடுவிரலை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்தாள். குத்திப் பார்த்தாள். நூற்று நாற்பத்தாறு. பிறகு பக்கத்து விரலைக் கழுவாமல், முள்ளக்கா செய்கிற மாதிரியே பஞ்சால் ஒரு தடவு தடவிக் குத்தினாள். முன்னூற்று ஒன்று.

"விரல்ல ஒட்டியிருக்கிற பாகும்மா இது. வெடிப்புக்குள்ள போயிருக்கு, ஸ்பிரிட்ல போகாது. தண்ணியில கழுவினாத்தான் போகும். இது விரலுக்கு மேல இருக்கிற சக்கரை. ரத்தத்துல இல்ல."

ஒவ்வொரு சாயங்காலமுமா என்று முள்ளக்கா கேட்டாள். நர்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். மேடையைப் பெருக்காமல் ஒரு லாரியைக்கூட ஏற விடாதவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் தின்னவில்லை. ஒரு நாளும், ஒரு துணுக்குக்கூடத் தின்னவில்லை. அத்தனை மாலையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கடைசியில் உண்மையாகவே ஒரு ஸ்பூன் சர்க்கரை கேட்டார்; அதையும் அவள் கொடுக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் விதி என்றார்கள். "விதி என்னத்துக்கு வருது இங்க? ஊசி போட்டது என் கை" என்று எரிந்து விழுந்தாள். மகள் வந்து பத்து நாள் இருந்தாள். "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தாய்க்கு இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் கண் விழித்தார். ஒரு மாதத்தில் நடந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார், யாரைப் பார்த்தாலும் சிரித்தார். மூளைக்கு ரொம்ப நேரம் சர்க்கரை கிடைக்காமல் போனதால் வந்தது, இதற்கு மேல் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளை யார் என்று கேட்டால் தெரியாது. கேக் படத்தைக் காட்டினால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். மனைவியை மட்டும் தெரியும். அதுவும் மனைவி என்றா, தினமும் சோறு போடுகிறவள் என்றா என்று சொல்ல முடியாது. முள்ளக்கா வேலையை விட்டுவிட்டாள்.

ரத்தம் பார்ப்பது மட்டும் இன்றும் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனதும் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து வைப்பாள். அவருடைய ஒவ்வொரு விரலாகச் சோப்புப் போட்டு, நக இடுக்கு வரை தேய்த்துக் கழுவுவாள். பாகும் கிடையாது மாவும் கிடையாது, அவர் கடைக்குப் போய் வருடம் ஒன்றாகிறது. ஆனாலும் இரண்டு தரம் கழுவுவாள். வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள், இப்போது தினமும் கேட்கிறாள். எப்படியாவது ஒரு நாள் அது அவர் காதுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆசை.

நேற்றும் கேட்டாள். எண் நூற்றுப் பதினெட்டு வந்தது. கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இங்க பாருங்க. நல்லா இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு. நீங்க எதையும் திங்கல. நான்தான் உங்களை நம்பல. கேக்குதா? நீங்க ஒண்ணுமே திங்கலங்க."

கருவியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எது போனாலும் அந்தப் பயம் மட்டும் உள்ளே எங்கோ தங்கிவிட்டிருக்கிறது. கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"தின்னுட்டேம்மா" என்றார். "திட்டாத. இனிமே திங்க மாட்டேன்."