கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்

தலைமாட்டில் இன்சார்ஜ் சிஸ்டர். கால்மாட்டில் சின்ன டாக்டர். ராத்திரி டூட்டி முடித்த நர்ஸ், கைப்பை தோளில். காலை டூட்டி நர்ஸ். பால் வண்டி தள்ளுகிற அம்மா. வார்டு கூட்டுகிற அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு. கட்டிலில் படுத்திருந்தவரின் மனைவி. அவருடைய தம்பிக்காரன். கடைசியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற நான்.

கட்டிலில் இருந்தவர் முகத்துவாரக்குப்பத்து மீன்காரர். வலை இழுக்கும்போது வலது காலைச் சிப்பி கிழித்துவிட்டது. சர்க்கரை வேறு. புண் சீழ் பிடித்து சுண்டுவிரல் கறுத்துவிட்டது. சீக்கிரம் அறுத்துச் சுத்தம் செய்தால் அந்த விரலோடு போகும், தள்ளிப்போனால் பாதத்தையே எடுக்கவேண்டி வரும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். பாதம் போனால் படகு ஏற முடியாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அதற்குள் ஆபரேஷன் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை, வெறும் வயிற்றில் இருக்கவேண்டியவர் என்று பால் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல ஊற்றினார், இவர் குடித்துவிட்டார். அடுத்த தடவை லாரியில் அடிபட்ட ஒருவரை அவசரமாகத் தியேட்டருக்குள் எடுத்துக்கொண்டார்கள். அதை வார்டுக்குச் சொல்ல ஆளில்லை. இவர் சாயங்காலம்வரை பட்டினி கிடந்தார். சர்க்கரை இறங்கி, வேர்த்து, மயக்கமாகிவிட்டார். கேட்டால் நர்ஸ் டாக்டரைச் சொன்னார். டாக்டர் தியேட்டரைச் சொன்னார். தியேட்டரோ, நாங்கள் போன் அடித்தோம், வார்டில் யாரும் எடுக்கவில்லை என்றது.

இன்சார்ஜ் சிஸ்டர் யாரிடமும் கத்தவில்லை. எல்லாரையும் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து ஆபரேஷன் கேஸ் கட்டில்கிட்ட எல்லாரும் ரெண்டு நிமிஷம் நிக்கணும். அவங்கவங்க செஞ்சதையும் செய்யப்போறதையும் வாய்விட்டுச் சொல்லணும். அது யாருக்கு வேணுமோ அவங்க திருப்பிச் சொல்லணும். யாரும் யாரையும் திட்டக்கூடாது."

"இன்னா சிஸ்டர், இஸ்கூல் பிரேயரா?" என்றார் பால் அம்மா.

"ஆமா. லேட்டா வந்தா முட்டி போடணும்."

எனக்கு நம்பிக்கை இல்லை. டாக்டர் நிற்பாரா என்று நினைத்தேன். மறுநாள் காலை நின்றார், ஆனால் கண் செல்போனில். அவர் அதைப் பையில் போடும்வரை சிஸ்டர் காத்திருந்தார். போட்டதும் ஆரம்பித்தார்.

"பத்து மணிக்கு தியேட்டர்" என்றார் டாக்டர்.

"பத்து மணி. முன்னாடியே லிஃப்ட்டப் பிடிச்சி வெச்சிர்றேன்" என்றேன்.

"காலையில இன்சுலின் போடல" என்றார் ராத்திரி நர்ஸ்.

"காலையில போடல. டாக்டர் சொன்னாதான் போடுவேன்" என்றார் காலை நர்ஸ்.

"இந்தக் கட்டிலுக்குப் பால் கெடையாது. நானே குடிச்சாலும் குடிப்பேன், இந்தாளுக்கு ஊத்த மாட்டேன்" என்றார் பால் அம்மா.

"ஊத்தாட்டி போ. வண்டிய இங்க நிறுத்தாத, வாசன வருது" என்றார் கட்டில்காரர்.

"நான் ஒண்ணும் குடுக்கல சிஸ்டர்" என்றார் மனைவி.

தம்பிக்காரன் தரையைப் பார்த்தான். சிஸ்டர் காத்திருந்தார்.

"டீ குடுத்தேன்" என்றான்.

"அட கஸ்மாலம்! இன்னாத்துக்குடா குடுத்த?" மனைவி கையை ஓங்கிவிட்டார்.

"கடலுக்குப் போறவன வெறும் வயித்தோட அனுப்புவமா அண்ணி? இதுவும் போற மாதிரிதான கீது. மனசு கேக்கல."

"டீ நல்லாத்தான் இருந்துச்சி" என்றார் கட்டில்காரர்.

சிஸ்டர் மனைவியின் கையைப் பிடித்து இறக்கினார். "இங்க திட்டக்கூடாதும்மா. தம்பி, எத்தனை மணிக்கு? பால் டீயா?"

"ஆறு மணி இருக்கும். பால் டீதான்."

"சொன்னியே, நல்லதாப் போச்சு. நன்றிப்பா."

அந்த வார்டில் தப்பு செய்தவனுக்கு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் ஆளுக்கு ஆள் கத்தியிருப்பார்கள். கத்தினால் அடுத்தவன் மறைப்பான். மறைத்திருந்தால் ஆபரேஷன் மேஜைமேல் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அப்போது டாக்டரின் முகம் வாடிவிட்டது. "கேன்சல்தான் சிஸ்டர்."

"மயக்க டாக்டர ஒரு வார்த்தை கேட்டுடலாம் சார்."

டாக்டர் அங்கேயே, எங்கள் முன்னால், ஸ்பீக்கரில் போட்டார். "ஆறு மணிக்கு பால் டீன்னா பன்னெண்டுக்கு மேல எடுத்துக்கலாம். மத்தியானக் கேஸ் ஹெர்னியாவ முன்னாடி அனுப்புங்க. இவருக்கு ட்ரிப் போட்டு சுகர் பாத்துக்கிட்டே இருங்க" என்றது அந்த அம்மாவின் குரல்.

ஹெர்னியாக்காரர் சாப்பிட்டாரா என்று காலை நர்ஸுக்குத் தெரியாது. வீட்டுக்குப் புறப்பட்ட ராத்திரி நர்ஸ் கைப்பையைக் கட்டிலில் வைத்தார். "ராத்திரிக்கப்புறம் அவருக்கு ஒண்ணும் போகல. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார். அதைக் காலை நர்ஸ் திருப்பிச் சொன்னார். பத்து மணிக்கு ஹெர்னியா, ஒரு மணிக்கு இவர் என்றார் டாக்டர், நான் திருப்பிச் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். கலைந்தோம்.

நான் முன்னே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அங்கே கிரேன் தூக்கும்போது ஒருவன் குரல் கொடுப்பான், மேலே இருப்பவன் பதில் குரல் கொடுப்பான். பதில் வராமல் சரக்கு அசையாது. ஆஸ்பத்திரியில் அப்படி நான் பார்த்தது அன்றுதான். அதுவும் குரலை உயர்த்தாமல் இன்சார்ஜ் சிஸ்டர் செய்தார். பெரிய மனுஷி.

தம்பிக்காரன் கட்டிலை விட்டு நகரவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒளித்தான். பிஸ்கட்டோடு வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே திருப்பினான். "போலீசு வேலைக்குப் போடா நீ" என்றார் அண்ணன்.

ஒரு மணிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். லிஃப்ட்டில் கட்டில்காரர் என் கையைப் பிடித்தார்.

"மாமு, காலு இருக்குமா?"

"தெரியாது நைனா" என்றேன். கையை விடுவிக்கவில்லை.

கட்டு பிரித்த அன்றும் நான்தான் அவரை டிரெஸ்ஸிங் அறைக்குத் தள்ளிப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சை எடுத்தார்கள். பாதம் இருந்தது. தம்பிக்காரன் குனிந்து விரல்களை எண்ணினான்.

நாலு.