அம்மா பிடித்த அட்டை

முருகா, உன் தாளே துணை.

வைகாசி விசாகமான இன்று, கோயில் சுவரில் அறிக்கை ஒட்டிய மைதாப் பசையின் மணம் என்னை எழுபதுகளில் வளைகுடா நாட்டில் நாங்கள் குடியிருந்த சத்வா வீட்டுக்கு இழுத்துச் சென்றது. அங்கே அம்மா அதே பசையைக் காய்ச்சி, தேயிலைப் பெட்டி அட்டையில் வெள்ளைத்தாள் ஒட்டுவாள். அப்பா நடுவில் கறுப்பு வட்டம் வரைவார். வெள்ளிதோறும் பாலைவனத்தில் நண்பர்களோடு அவர் துப்பாக்கி சுடுவதற்கான இலக்கு அது.

ஒருநாள் அம்மாவும் நானும் உடன் போயிருந்தோம்; காற்று அட்டையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"சாரதா, நீ போய்ப் பிடிச்சுக்கோ."

"பயமா இருக்குங்க."

"என் குறி தப்புமா? அசையாம நில்லு."

நண்பர்கள் சிரித்தனர். தொலைவில் அம்மா கையை நீட்டி அட்டையின் ஓரத்தைப் பிடித்து, கண்மூடி நின்றாள். குண்டு வட்டத்தின் நடுவே பாய்ந்தது.

"பாத்தியா, ஒரு கீறல் இல்ல!" என்றார் அப்பா. அட்டையைக் கூடத்தில் மாட்டி வந்தவர்க்கெல்லாம் காட்டினார்.

அன்று மாலை அம்மாவின் கை நடுங்கித் தீக்குச்சி அணைந்தது. அவள் இறுதிவரை விளக்கை நானே ஏற்றினேன்.

இதை வாசிப்போர் அனைவரும் நடுங்காத கையால் விளக்கேற்ற வேலவன் அருள்க.