ஓர் ‘உம்’ படுத்திய பாடு

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். சிவராசா காரோடு காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடங்களுக்கு முன் அகதியாகத் திருச்சிக்கு வந்து எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். இப்போது ரெய்னர்ஸ் லேனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பதினைந்து கிலோமீட்டர் தூரம் போக ஐம்பது நிமிடம் ஆனது. முதல் சிக்னலிலேயே, “அண்ணை, நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தரவேணும்” என்றார். ஊர் பார்க்க வந்தவனுக்கு இறங்கியவுடனே வேலை.

அவர் மகள் ஆரணி ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை. இரண்டு வாரம் முன்பு காசாவுக்காக நடந்த ஊர்வலத்துக்குத் தமிழில் எழுதிய அட்டையோடு போயிருக்கிறாள். ஊர்வலம் ஒரு யூத ஆலயம் இருக்கும் தெருமுனையைத் தாண்டியிருக்கிறது. அங்கே எடுத்த படத்தை யாரோ கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்து, யூதர்களை மிரட்டுகிறாள் என்று பள்ளிக்குப் புகார் அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய நான், அந்தத் தமிழ் வரியில் மிரட்டல் எதுவும் இல்லை என்று எழுதித் தரவேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு, சோபாவின் பின்னாலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார்கள். ‘எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.’

எதிர்காலமாக வாசித்தால் இது மிரட்டல்தான். ‘நடக்கிறது’ என்று எழுதியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஈழத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்லி, காசா மக்களிடம்தான் பேசினேன் என்று ஆரணி சொன்னாள். அப்படியானால் ‘நடக்கும்’ என்று ஏன் எழுதினாய் என்று கொஞ்சம் கடுகடுப்பாகவே கேட்டேன்.

“ஒவ்வொரு நாளும் நடக்கிறதுக்கு அப்பிடித்தானே சொல்லுறது, பெரியப்பா? அப்பாவின்ர கடை காலமை ஏழு மணிக்குத் திறக்கும் எண்டு சொல்லுறம்.”

இலக்கணப்படி அவள் சொன்னது சரி.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒன்றே முக்கால் பவுண்டு கொடுத்து பஸ் ஏறி ஹாரோ வரை தனியாகப் போய்வந்தேன். ஒன்றும் மனதில் பதியவில்லை. திரும்பியபோது கடை வானொலியில் இதே விவாதம். யூத வெறுப்பை அடக்க அரசு ஊர்வலங்களுக்குக் கட்டுப்பாட்டைக் கூட்டுவது நியாயமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேத்தியின் யூதப் பள்ளி வாசலில் காவலாள் நிற்பது எந்த ஊர் வழக்கம் என்று ஒரு பெண் கேட்டாள். அவள் பக்கம் சாய்ந்தேன். அடுத்தவர், ஓர் அரசைத் திட்டுவதும் ஒரு மதத்தைத் திட்டுவதும் ஒன்றல்ல, வாயைக் கட்டாதீர்கள் என்றார். அவர் பக்கம் சாய்ந்தேன். சிவராசா வெங்காய மூட்டையைப் பிரித்தபடி, ஒருகாலத்தில் இதே ஊரில் தாங்கள் பிடித்த புலிக்கொடிக்கும் தடை என்றார்கள், காரணமும் சொன்னார்கள் என்றார். அந்தக் காரணம் சரியா தவறா என்று அவர் சொல்லவில்லை.

மாலை நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டு ரூத் அம்மாள் வந்தார். எழுபத்தைந்து வயது யூதப் பெண்மணி, ஆரணியைப் பிறந்த நாள் முதல் தெரிந்தவர். அவரைக் கண்டதும் ஆரணி தேநீர் போடும் சாக்கில் உள்ளே போய்விட்டாள். அவர் என் பக்கம் திரும்பி, மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார்: “அன்றைக்கு ஆலய வாசலில் நான்தான் நின்றேன். ஆரணியைப் பார்த்துக் கை காட்டினேன். அவளும் சிரித்துக்கொண்டு அட்டையை ஆட்டினாள். அதில் என்ன எழுதியிருந்தது?”

புகார் கொடுத்தது அவர் இல்லை. படம் ஊரெல்லாம் சுற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். அன்றிலிருந்து ஆலயத்துக்குப் போகவில்லை என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், அதை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம், எழுதியவள் நினைத்தது ஒன்று, வாசலில் நின்றவருக்குப் படுவது இன்னொன்று என்று சொன்னேன். சொல்லும்போது என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஆரணி வந்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். ரூத் அவள் தலையைத் தடவினார். உன்னை நம்புகிறேன், ஆனால் நான் பயந்ததும் உண்மை என்றார்.

கடிதத்தில் இரண்டு அர்த்தத்தையும் எழுதினேன். சிவராசா படித்துவிட்டு இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

“இரண்டாவது வரியை எடுக்க ஏலாதோ அண்ணை? பிள்ளைக்கு வேலை போயிடும்.”

ஆயுள் முழுக்க அடுத்தவர் வரிகளை அடித்தவன் நான். இதை அடிக்கக் கை வரவில்லை. ஆரணிதான் தாளை வாங்கி மடித்தாள். “விடுங்கோ அப்பா. ரூத் ஆன்ட்டிக்குப் பட்டதும் அதுதானே.”

வியாழக்கிழமை விசாரணை முடிந்தது. முடிவை ஒரு வாரத்தில் சொல்வார்களாம்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் ஹீத்ரோ. திருச்சியில் சுவரில் எழுதியதை வாசிப்பவர்களும் தமிழர்கள்தான். ஒரு ‘உம்’முக்காக யாரும் ஆலயம் போவதை நிறுத்தியதில்லை. அங்கே நான் சரி, தவறு என்று சட்டென்று சொல்லிவிடுவேன். இங்கே ஐந்து நாளில் அந்தப் பழக்கமே போய்விட்டது.

விமானத்தில் ஏறும் முன் ஆரணியிடமிருந்து கைபேசியில் ஒரு வரி வந்தது. அன்று காலை ரூத் அம்மாளோடு ஆலய வாசல் வரை நடந்து போனாளாம். அதற்குக் கீழே தமிழில் எழுதியிருந்தாள்: ‘எல்லாம் நல்லா நடக்கும் பெரியப்பா.’

எந்த ‘நடக்கும்’ என்று நான் கேட்கவில்லை.