வேப்பிலையைக் கழற்றிய மத்தியானம்

ஈரத் துண்டு வழியாக வரும் ஃபேன் காற்றுக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் தூசி. அதோடு வேப்பிலையும் சேர்ந்துவிட்டால்... இன்றைக்கும் எழுந்து போய் ஃபேனை அணைத்துவிடுவேன்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு டைப் பண்ணுகிறேன். எங்க அம்மாவைத் தெரிஞ்சவங்க யாராவது இந்த குரூப்பில் இருந்தா, தயவுசெய்து அவங்ககிட்ட சொல்லிடாதீங்க.

மூன்று வருடத்துக்கு முன்னால். நான் பள்ளியில் ஆறாம் ஆண்டு. கிள்ளானில் இதே ஃபிளாட், ஏழாவது மாடி. தங்கச்சி தர்ஷினிக்கு ஐந்து வயது. அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அப்பா லோரி எடுத்துக்கொண்டு ஜொகூர் போயிருந்தார். அந்த வாரம் பார்த்துத்தான் எங்களிடம் இருந்த ஒரே ஏர்கோன் படுத்துவிட்டது. டொக் என்று ஒரு சத்தம்... அவ்வளவுதான்.

"ஆள் கூப்பிடலாம்மா" என்றேன்.

"வாயை மூடு. ஆத்தா வந்திருக்கிற வீட்டுக்குள்ள வெளியாள் வரலாமா? தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் வரக்கூடாது."

வாசல் கிரில்லில் அம்மா வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தார். சமையல் கேஸ் தோங், அதான் சிலிண்டர், கொண்டுவந்த அண்ணன் அதைப் பார்த்ததும் தோங்கை லிஃப்ட் பக்கத்திலேயே இறக்கிவிட்டார். "அக்கா, நீங்களே உருட்டிக்குங்க லா!" என்று கத்திவிட்டு ஓடியே போய்விட்டார்.

அதனால் வீட்டை நாங்களே குளிர வைத்தோம். வெயில் அடிக்கும் ஜன்னலுக்குச் சமையல் ஃபாயில் ஒட்டினோம். திரைச்சீலையின் நுனியை வாளித் தண்ணீரில் விட்டோம், தண்ணீர் தானாகவே துணியில் ஏறும். மணிக்கு ஒரு தடவை தரையைத் துடைத்தோம். ஃபேனுக்கு முன்னால் கொடி கட்டி ஈரத் துண்டு, அதற்குக் கீழே ஒரு பேசினில் ஐஸ். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது இல்லையா, அடுப்பே காலையில் கஞ்சிக்கு மட்டும்தான்.

அப்படியும் மூன்று மணிக்குச் சுவரைத் தொட்டால் சுடும். எனக்கும் அம்மாவுக்கும் வேர்த்து ஊற்றும்.

தர்ஷினிக்கு மட்டும் வேர்க்கவே இல்லை. ஏர்கோன் இருந்த ரூமில் வெள்ளைத் துணியில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்திருந்தோம். பக்கத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"சூடா இல்லையாடி?"

"இல்லக்கா. ஆன்டி வீசுறாங்கள்ல."

"எந்த ஆன்டி?"

தலைமாட்டைக் காட்டினாள். அங்கே யாரும் இல்லை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு... அன்றிலிருந்து அந்த ரூமுக்குள் தனியாகப் போகவே கால் வரவில்லை. ஏர்கோன் ஓட வேண்டும் என்பதைவிட, உயிருள்ள யாராவது ஒருத்தர் வீட்டுக்குள் வந்தால் போதும் என்றிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா இளநீர் வாங்க மார்க்கெட் வரை போனார், வர இரண்டு மணி நேரமாவது ஆகும். லிஃப்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஏர்கோன் கடை நம்பர் இருந்தது. முதல் நாளே மனப்பாடம் செய்துவிட்டேன். போன் போட்டேன். அப்புறம் வாசல் வேப்பிலையைக் கழற்றி, செருப்பு அலமாரிக்குள் தள்ளினேன். ஆமாம்... செருப்போடு.

வந்தது ஒரு தமிழ் அங்கிள். அம்மா குளிக்கிறார் என்று பொய் சொன்னேன். ரூமுக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா, சூடு தாங்கலன்னு சொன்னே? ஜில்லுன்னு இருக்கே. வேற ஏர்கோன் ஓடுதா?"

ஏர்கோனைக் கையால் காட்டினேன். ஏணியில் ஏறி ஏதோ ஒரு பார்ட் மாற்றினார். காற்று வந்தது. இறங்கும்போதுதான் தர்ஷினியின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மை போட்டிருக்கா? வாசல்ல இலையையே காணோமே!"

தொப்பியைக் கழற்றி, அவள் தலைமாட்டைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, காசும் வாங்கவில்லை. போய்விட்டார்.

நான் ஓடிப்போய் இலையைத் தட்டித் திரும்பக் கட்டினேன். உள்ளே வந்தால் தர்ஷினி அழுதுகொண்டிருந்தாள். மேலே ஏர்கோன் ஜில்லென்று வீசுகிறது, இவள் துணியை உதறுகிறாள்.

"ஆன்டி போயிட்டாங்கக்கா. சுடுது."

அம்மா வந்து ஏர்கோனை அண்ணாந்து பார்த்தார். "எப்படிடி?"

"தானா ஓடிச்சும்மா."

இந்த இரண்டு வார்த்தைதான். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "ஆத்தாவுக்கே சூடு தாங்கல பாரு!"

அன்று ராத்திரி தர்ஷினிக்கு மூச்சு இழுத்தது. பக்கத்து வீட்டு அங்கிள் காரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அம்மை நுரையீரலுக்கு இறங்கிவிட்டதாம். இரண்டு மூன்று நாளாகவே உள்ளே இருந்திருக்கும், யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். ஐந்து நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். டாக்டர் சொன்னதை நூறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு தடவையும் நம்ப முடியவில்லை.

பிழைத்து வந்தாள். இப்போது எட்டு வயது. நெற்றியில் ஒரு தழும்பு, வாய் நிறையப் பேச்சு, ரிமோட்டுக்கு என்னோடு சண்டை.

நேற்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அம்மை போட்டது ஞாபகம் இருக்கா?"

"கொஞ்சம்தான். முதல்ல ரொம்பக் குளுகுளுன்னு இருந்திச்சு. அப்புறம் யாரோ அடுப்புல போட்ட மாதிரி இருந்திச்சு."

ஏர்கோன் தானாக ஓடிய கதை எங்கள் புளோக் முழுக்கத் தெரியும். சொன்னது அம்மா. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததற்கும் அதற்கும் சேர்த்துத்தான் வேண்டுதல். விடிந்தால் கோயிலில் பால்குடம். அம்மா நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் அம்மா அடிக்க மாட்டார். என் பேருக்கும் சேர்த்து இன்னொரு நாற்பத்தெட்டு நாள் பட்டினி கிடப்பார். எனக்குத் தெரியும்.

அந்த மூன்று நாளும் வீடு வெந்தது. ஆனால் தர்ஷினியின் ரூம் வாசலை ஒட்டி, ஹாலில் ஒரே பாயில், அம்மா முகத்தைப் பார்த்தபடிதான் தூங்கினேன். இப்போது ரூம் நன்றாகவே குளிர்கிறது, அம்மாவும் பக்கத்தில்தான் படுக்கிறார். நான் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறேன்.