பழைய குழியில் நின்ற கம்பங்கள்

1912-ல் கெட்டில் கிரீக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஏழு ஆட்டம் ஆடியது, ஏழிலும் வென்றதாகத்தான் முதலில் கணக்கு. அதற்கு முன் எந்த வருஷமும் அப்படி நடந்ததில்லை. ஏழில் நான்கு சொந்த ஊரில். அந்த நான்குக்கும் மைதானத்தில் கோடு போட்டவர் நெல்ஸ் குவாமே.

வகுப்பறை அடுப்புகளுக்குக் கரி போடுவது, மணி அடிப்பது, சனிக்கிழமைகளில் கோடு போடுவது. பதினாலு வருஷமாக இதுதான் அவர் வேலை. வயது ஐம்பத்திரண்டு. சின்ன வயதில் நார்வேயிலிருந்து அயோவாவுக்கு வந்தவர், தனியாள்.

பருவம் முடிந்ததும் அணி நூலகப் படியில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும். அந்த வருஷம் கேப்டன் எம்மட் ஸ்கூனோவர், நெல்ஸையும் வந்து நிற்கச் சொல்லியிருந்தான். வேலைக்காரர் யாரும் அதுவரை நின்றதில்லை. நெல்ஸ் சட்டையில் தனியாக மாட்டிக்கொள்ளும் புதுக் காலர் ஒன்று வாங்கி வைத்தார்.

அதே வருஷம்தான் விதி மாறியது. நூற்றுப்பத்து கெஜ மைதானம் நூறு கெஜம் ஆனது. செப்டம்பரில் நெல்ஸ் இரண்டு முனையிலும் ஐந்து கெஜம் உள்ளே தள்ளிப் புதுக் குழி வெட்டி, கோல் கம்பங்களை மாற்றி நட்டார். பழைய குழிகளைத் தூர்க்கவில்லை. பலகை போட்டு மூடிவிட்டார்.

கடைசி ஆட்டம் பிளம் ஹாலோ கல்லூரியுடன். அன்று காலை பனிக்காற்று கிழக்குக் கம்பங்களைச் சாய்த்துவிட்டது. எதிரணி ரயிலை விட்டு இறங்கியாயிற்று. நெல்ஸ் குழியைத் தேடிப் பனியைக் கிளறினார். மண்வெட்டி பலகையில் தட்டியது. அவசரத்தில் எந்தக் குழி என்று யோசிக்காமல் பலகையை எடுத்துக் கம்பங்களை இறக்கினார். பதினாலு வருஷம் பழகிய ஆழம், கச்சிதமாக நின்றன. பனியில் சுண்ணாம்பு தெரியாது என்பதால் கம்பங்களை ஒட்டிக் கரித்தூளால் கோல் கோடு இழுத்தார். பனி விடாமல் கொட்டியதில் நடுவர்களும் மைதானத்தின் நீளத்தை அளந்து பார்க்கவில்லை.

கெட்டில் கிரீக் 3-0 என்று முன்னால் இருந்தது. கடைசி நிமிடத்தில் பிளம் ஹாலோ ஆள் பந்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கிழக்கே ஓடினான். பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி, ஆட்டம் அவர்களுக்கு. கோட்டுக்கு மூன்று கெஜம் முன்னால் எம்மட் அவன் காலைப் பிடித்துச் சாய்த்தான். ஆட்டம் முடிந்ததாக விசில் ஒலித்தது. அன்று கல்லூரி மணியை நெல்ஸ் கை ஓயும்வரை அடித்தார்.

திங்கட்கிழமை வெயில் அடித்துப் பனி கரைந்தது. கம்பங்களைப் பிடுங்கப் போனவர், அவற்றுக்கு முன்னால் தண்ணீர் நிறைந்த இரண்டு குழிகளைப் பார்த்தார். அளக்கவே வேண்டியதில்லை. ஆனாலும் காலடியால் அளந்தார். ஐந்து கெஜம்.

பயிற்சியாளர் லோரிடம் போய்ச் சொன்னார்.

“யோவ், ரெண்டு டீமும் அதே மைதானத்துலதான ஆடுச்சு?” என்றார் லோர். “உனக்குக் கண்ணு தெரியலன்னு ஊரெல்லாம் தண்டோரா போடப் போறியா? போய் மணி அடி.”

நெல்ஸ் மணி அடித்தார். பிறகு எம்மட் தங்கியிருந்த விடுதிக்குப் போனார். அவன் சோளமாவு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அந்த ஆள் விழுந்த இடம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

“மூணு கெஜம் பாக்கி. சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்.”

“கோடு அஞ்சு கெஜம் தள்ளி இருந்துச்சு, கேப்டன். கம்பத்தைப் பழைய குழியில நட்டுட்டேன். அவன் ரெண்டு கெஜம் உள்ள போய்த்தான் விழுந்தான்.”

எம்மட் ரொட்டியைத் தட்டில் வைத்தான். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டான்.

“கோச்சுக்கு. வாயை மூடுன்னாரு.”

“அப்புறம் ஏன் பெரியவரே மூடல?”

“இதை மறைச்சு வச்சுட்டுப் போட்டோவுல வந்து நிக்கணுமே,” என்றார் நெல்ஸ்.

எம்மட் அன்றே பிளம் ஹாலோவுக்குத் தந்தி கொடுத்தான். அவர்கள் மறு ஆட்டம் கேட்டார்கள். நன்றித் திருநாள் விடுமுறையான அந்த வியாழனன்று ஆடினார்கள். நெல்ஸ் கோடு போட, இரண்டு கல்லூரி ஆட்களும் அளவுநாடாவோடு பின்னாலேயே நடந்தார்கள். கெட்டில் கிரீக் 12-0 என்று தோற்றது.

சனிக்கிழமை புகைப்படக்காரர் வந்தார். லோர் நெல்ஸைக் கூப்பிடவில்லை. எம்மட் கூப்பிட்டான். நெல்ஸ் காலரைப் போட்டுக்கொண்டு வந்து வரிசையின் ஓரத்தில் நின்றார். பக்கத்தில் நின்ற ஆட்டக்காரன் ஒரு படி தள்ளிப் போனான். படத்தில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கிறது.